குட்டியானையில் ஒரு கூழைக்கடா

எடை போட்டுத்தான் எதுவும் உள்ளே வரும்.
விசைப்படகின் முறிந்த விசிறி, எழுபத்தொரு கிலோ.
கன்டெய்னர் கதவுத் தாழ்ப்பாள்கள் பன்னிரண்டு.
உரக் கம்பெனி கழித்துப்போட்ட வால்வுகள்,
மூக்கருகே கொண்டுபோனால் இன்னும் காரநெடி.
ஏகாம்பரம் கடையில் தராசு பொய் சொல்லாது,
ஏகாம்பரம் சொல்வார்.
அதற்கும் சேர்த்துத்தான் பேரம்.

நங்கூரச் சங்கிலி கழுத்தாக வளைந்து நின்றது.
லாரிப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறகு.
முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தபின்
பறப்பதா வேண்டாமா என்று
மூன்று நாள் நின்றதே ஒன்று,
அதே நிற்பு.
அலகுப் பை மட்டும் வரவில்லை.
தகரம் வைத்தேன், வாளி போலிருந்தது.
பித்தளை வைத்தேன், கோயில் மணி.
மீன் உள்ளே துள்ளினால்
வெளியே தெரிகிற தோல் வேண்டும் எனக்கு.

வெள்ளி, என்றான் ரொசாரியோ
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.
கிராம் என்ன விலை தெரியுமாடா?
எக்ஸ்ரேல கீதுக்கா.

மூட்டை மூட்டையாக வந்தார்கள்,
யார் யாரோ,
மூச்சைப் பிடித்து நின்ற ஒரே நொடியில்.
விலா. இடுப்பு.
ஊக்கு விழுங்கிய குழந்தையின் வயிறு,
ஊக்கு திறந்தபடி.
காரத் தண்ணீரில் முக்கினால்
எலும்பெல்லாம் கருஞ்சேறாகக் கீழே இறங்கும்,
கையில் மிஞ்சுவது வெறும் நீலத் தாள்.
எதிர்வீட்டு ஜெபமணி கேட்டு வாங்கிப்போனாள்,
கூரை ஒழுகும் இடத்துக்கு.

மூன்றாவது மூட்டையில் ஒரு வலக்கை.
ஓரத்தில் எழுத்து: ரொசாரியோ எஃப். ஆண். 19.
மணிக்கட்டுக்கு மேலே இரண்டு முறிவு.
துறைமுகத்தில் தகடு சரிந்த வருஷம்.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான்.
படத்தின்மேல் தன் கையை வைத்துப் பார்த்தான்,
பொருந்தவில்லை,
விரல்கள் இப்போது தடித்திருந்தன.
நீயே வச்சுக்கோடா, என்றேன்.
இன்னாக்கா, மாலை போட்டு மாட்டவா?
அவனே முக்கினான்.
கட்டைவிரல் கடைசியாகப் போனது.

தங்கசாலைச் சந்தொன்றில் உருக்கினோம்,
நூற்றுப் பதினான்கு கிராம்.
உருக்கியவர் ஒரு துளியைத் தரையில் சிந்திக்
காலால் மறைத்தார்.
அது யாருடைய விலாவோ,
நான் கேட்கவில்லை.
மூன்று ராத்திரி தட்டினோம்,
வெங்காயத் தோல் கனத்துக்கு.

எண்ணூர் நெடுஞ்சாலை.
நகராத கன்டெய்னர் லாரிகளின் வரிசை,
ஓரமாகக் குட்டியானை,
அதன் முதுகில் கயிறு கட்டிய கூழைக்கடா.
டிரைவர்கள் படியில் தொங்கிப் பார்த்தார்கள்.
ஒருத்தர் வண்டிக்குள்ளிருந்து
தன் சாப்பாட்டு மீனைத் தூக்கிக் காட்டினார்.

மணலி திரும்பும் முனையில் போலீஸ்.
லத்தியால் வயிற்றைத் தட்டினார். டங்.
இரும்புக்கு பில் இருந்தது, எடுத்து நீட்டினேன்.
தாழ்ப்பாளுக்கு, விசிறிக்கு, சங்கிலிக்கு.
அலகில் தட்டியதும்
சத்தம் வேறாக வந்தது.
மறுபடி தட்டினார், மெதுவாக.
இது எங்க எடுத்தது?

நான் வாய் திறப்பதற்குள்
ரொசாரியோ
சட்டையின் வலக்கைப் பொத்தானைக்
கழற்றத் தொடங்கியிருந்தான்.