நம்ம வீடு

எங்கள் கிளையின் வட்ஸ்அப் குழுவுக்கு
மனேச்சர் நஸ்லிம் வைத்த பெயர் 'நம்ம வீடு'.
முப்பத்தொரு பேர்.
கல்லடியில் நான் வாடகைக்கு இருக்கிற வீட்டில் மூன்று பேர்,
அதில் ஒருத்திக்கு இன்னும் பால்பல்லே விழவில்லை.

விடிய ஐந்தரைக்கு நஸ்லிம் ஒரு ரோசாப்பூ போடுவார்.
பூவின் கீழே நேற்றைய வசூல்,
வலயம் வலயமாக.
பூவை மட்டும் பார்க்க வழியில்லை;
பார்த்தால் நீலச் சரி விழும்,
நீலச் சரி விழுந்தால் நான் எழும்பிவிட்டேன் என்று அர்த்தம்,
எழும்பிவிட்டால் பிறகென்ன, வேலைதான்.
பிட்டு அவிய அவிய
இன்றைக்கு எந்த வாசலில் நிற்பதென்று
மாக்கையால் பெயர்களைத் தள்ளிக்கொண்டு போவேன்.
பிந்திக் கட்டுகிறவர்களின் பெயர்களில்
மா ஒட்டிக்கிடக்கும்.

மார்கழி வெள்ளத்தில் மகளுக்குக் காய்ச்சல்.
அவளின் தகப்பன் தம்புள்ளையில்,
மரக்கறி ஏற்றி முடியாமல் லொறிக்குள்.
இரவு பதினொன்றுக்கு அவருக்கு அனுப்பினேன்:
'102.4. இன்னும் ஏறுது.'
போய் விழுந்தது நம்ம வீட்டில்.
ஆறு கட்டைவிரல்கள் உயர்ந்தன.
ஒருவர் கேட்டார், 'எந்த வலயம்?'
நஸ்லிம் நித்திரை கொள்வதில்லை.
'சுப்பர் தங்கச்சி' என்று எழுதினார்,
'மாதம் முடிய 110 ஆக்குவம்.'

நான் அழிக்கவில்லை.
அழித்தால் அழித்த தடம் கிடக்கும், ஏனென்று கேட்பார்கள்.
ஈரத்துணியை நெற்றியில் மாற்றிப் போட்டுவிட்டு
'நன்றி சேர்' என்று எழுதினேன்.
தம்புள்ளைக்காரர் விடிய நாலுக்குக் கேட்டார்:
'பிள்ளை நித்திரையா?'

நஸ்லிம் கெட்டவரில்லை.
ஏறாவூரில் அவருடைய தங்கச்சியின் கலியாணத்தில் பார்த்தேன்,
சஹனில் ஒரு கை, காதில் ஒரு கை.
கொழும்பிலிருந்து அவரிடமும் யாரோ
எத்தனை வீதம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.
கறி ஆறி நெய் படிந்தது.

ஆப்பக்கடை சவுந்தரி அக்கா இரண்டு தவணை பாக்கி.
ஐந்து கேட்டால் ஆறு வைப்பாள்.
ஆறாவது ஆப்பம் எந்தக் கணக்கு என்று
சாப்பிடும்போது தெரிவதில்லை.
சாப்பிட்டும் விடுகிறோம்.

போன வெள்ளி கிரான்குளத்தில் செத்தவீடு.
சாரத்தால் விழுந்த மேசன் கோபாலரத்தினம்.
பெண்சாதி வசந்தகலா என்னோடு ஓ.எல் எழுதினவள்,
கணிதப் பரீட்சைக்கு முதல்நாள்
என்ட கொம்பாஸை வாங்கி இன்னும் தராதவள்.
அரைநாள் லீவு போட்டுத்தான் போனேன்.
கழுத்து நாடாவைக் கழற்ற மறந்துபோனேன்:
நீலம், நெஞ்சுக்கு நேரே அட்டையில்
சிரித்தபடி நான்.

பெண்கள் விலகி வழி விட்டார்கள்.
ஒப்பாரி ஒரு படி இறங்கியது.
தலைமாட்டிலிருந்து எழும்பி
வசந்தி உள்ளே போனாள், வந்தாள்.
கையில் பொலித்தீன் பையில் சுற்றின கடன் கொப்பி.
'இந்தக் கிழமை மட்டும்' என்றாள்.
கட்டிப்பிடித்தேன்.
கொப்பியின் மூலை எங்கள் நடுவில் குத்தியது,
எந்தப் பக்கம் அதிகம் குத்தியதென்று தெரியாது.
'அழத்தானடி வந்தன்.'
'சரி மிஸ்' என்றாள்.

பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது.

ஆரையம்பதி தாண்டி
ஸ்கூட்டியை ஓரம் கட்டிப் பார்த்தேன்.
நான் தொடாமலே அது பதிந்து வைத்திருந்தது:
கிரான்குளம். வாடிக்கையாளர் சந்திப்பு ஒன்று.
நாற்பத்தேழு நிமிடம்.

நாடாவைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.
கழுத்தில் காற்றுப் பட்டது.
காத்தான்குடிக் கடைகள், நாவற்குடா, என்ட வீட்டு ஒழுங்கை
எல்லாம் தாண்டி அப்படியே ஓடினேன்.
கல்லடிப் பாலம் ஏறும்போது
மறுகா மாட்டிக்கொண்டேன்.
அரைநாள் முடிந்திருந்தது.