கழிவு

மண்டபத்தில் விற்றால் மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும்.
அதனால் உச்சிப்புளி தாண்டி
ராமநாதபுரம் வரை பஸ்ஸில் போனேன்.
மோதிரம் விரலில் இல்லை, பையிலும் இல்லை.
கைக்குட்டை முனையில் முடிந்து
இடுப்பில் செருகியிருந்தேன்,
சீட்டுப் பணம் கொண்டுபோகிற மாதிரி.

சாலைத் தெருவில் மூன்றாவது கடை.
முதல் இரண்டிலும் தெரிந்த முகங்கள்.

"பில் இருக்கா?"
இல்லை.
"யாருதும்மா?"
ஏழு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.
கில்பர்ட் வாங்கியது,
அவன் அம்மா கொண்டுவந்தது,
சாமியார் தீர்த்தம் தெளித்தது.
"என்னுது" என்றேன்.
கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல,
கொலுசு பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தோம் அப்போது.
பட்டுச் சேலை, வெள்ளித் தட்டு,
பிரிக்காத சென்ட் பாட்டில்.
மோதிரம் மட்டும் கழலவில்லை.
கம்பெனியில் நண்டு உடைக்கையில் முள் ஏறி
விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது.
சோப்புப் போட்டுப் பார்த்தாள் அவன் அம்மா,
எண்ணெய் போட்டுப் பார்த்தாள்,
பல்லைக் கடித்துக்கொண்டு நானும் இழுத்தேன்.
"வத்தட்டும், வந்து வாங்கிக்கிறேன்" என்று போனவள்
வரவில்லை.
வீக்கம் நாலு நாளில் வற்றியது.

கல்யாணம் ஏன் நின்றது என்பதற்கு
அவன் வீட்டில் ஒரு காரணம் சொன்னார்கள்,
கோயில் வாசலில் மூன்று.
என்னிடம் இருந்தது சின்னது,
சொன்னால் இதற்கா என்பார்கள்.
சொல்லவில்லை.

கில்பர்ட் இப்போது பாம்பனில் இருக்கிறான்.
இரண்டு பிள்ளைகள். ஐஸ் வண்டி ஓட்டுகிறான்.
கரையில் நிறுத்தி "எத்தனை பெட்டி?" என்பான்.
"நாலு" என்பேன்.
சில்லறை சரியாக இருக்கும்.

கடைக்காரர் மின்விசிறியை நிறுத்தினார்.
அந்தத் தராசில் காற்றும் நிறுத்தப்பட்டுவிடுமாம்.
நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
மூன்று கிராம் நானூற்றுப் பத்து மில்லி.
"கல்லுக்குக் கொஞ்சம், அழுக்குக்குக் கொஞ்சம், கழிவு போக…"
கழிவு எனக்குத் தெரியாததா?
கம்பெனியை விட்டு நண்டு வியாபாரத்துக்கு வந்து இரண்டு வருடம்.
கமிஷன்காரர் தொம்மையின் தராசில்
கிலோவுக்கு நூறு கிராம் தண்ணீர் ஒழுகும்,
நண்டு காய்ந்து கிடந்தாலும்.
"அழுக்கை நானே தேச்சுத் தரவா?" என்றேன்.
சிரித்தார்.
பாதிக் கழிவை விட்டுக்கொடுத்தார்.

பிறகு, உள்ளேயும் தங்கம்தானா என்று பார்க்க
கத்திரியால் நறுக்கினார்.
உட்பக்கம் பொடியாய் வெட்டியிருந்த "கி"
இரண்டானது.
இந்தத் துண்டில் க,
அந்தத் துண்டில் அதன் மேல்விலங்கு.
முடிச்சவிழ்த்த கைக்குட்டையைக் கையிலேயே வைத்திருந்தேன்,
அழுகை வந்தால் இருக்கட்டும் என்று.
பசிதான் வந்தது.
இரண்டு பரோட்டா தின்றேன்.
சால்னா இன்னொரு தரம் கேட்டு வாங்கினேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தராசுக் கடை.
முப்பது கிலோ தாங்குவது,
சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்,
முத்திரை குத்திய சீட்டும் உண்டு.
மீதிப் பணத்தில் ஒரு கடன் தீர்ந்தது,
இன்னொன்று தீரவில்லை.

விடியற்காலை தென்கடல் கரையில்
பலகை போட்டு, மட்டம் பார்த்து வைத்தேன்.
தொம்மை அதைப் பார்த்தார்,
தன் தராசைப் பார்த்தார்.
"என்னா பிரிஸ்கா, யாரு தராசு?"
"என்னுது."

கச்சான் விடாமல் அடித்தது.
இங்கே நிறுத்துவதற்கு சுவிட்சு இல்லை.
வெறும் தட்டில் எண்கள்
ஐந்து, பத்து, சைபர், மறுபடி ஐந்து என்று
தத்தளித்துக்கொண்டிருந்தன.
முதல் கூடையை இறக்கச் சொன்னேன்.
கனம் ஏறியதும் நின்றது.