அரை மாத்திரை

மியூன்ஸ்டரில் மழை பெய்யும், இல்லாவிட்டால் மணி அடிக்கும்.
இன்று இரண்டும்.
மூன்றாம் மாடியில், ஈரக் காலுறையோடு,
நூற்றுப் பதினேழாம் சுண்டெலியின் துடிப்பைப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நிமிடத்துக்கு அறுநூறு. தையல் மெஷின் மாதிரி
ஒரே சீராக ஓடி,
திடீரென்று ஒன்று முந்திக்கொண்டு வருகிறது.
அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.
பிறகு மறுபடி தையல்.

நாங்கள் இதற்குள் கூடுதலாக வைத்தது ஒரே ஒரு புரதம்.
மற்ற மரபணுக்களின் முகப்பில் போய் உட்காரும்.
படிக்க விடாது.

கீழ்வீட்டு லுட்கர், வரி அலுவலகத்தில் வேலை,
காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் கருவி.
மார்ச் மாதம் ஏரிக்கரையில் சைக்கிளில் போனபோது
அது ஒருமுறை அடித்தது.
"குதிரை உதைத்த மாதிரி. உள்ளேயிருந்து."
ஞாயிற்றுக்கிழமை கேட்டார்:
எனக்கு என்னதான் ஆயிற்று, படம் போட்டுச் சொல்.

மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம்
க என்று எழுதினேன். உச்சரிக்கச் சொன்னேன்.
தலையில் ஒரு புள்ளி வைத்தேன்.
க்.
விக்கல் வந்ததுபோல் நின்றார், சிரித்தார்.
எழுத்து அழியவில்லை, லுட்கர். அதே கோடுகள்தான்.
உயிர் போய்விட்டது, மெய் இருக்கிறது.
எங்கள் இலக்கணத்தில் அப்படித்தான் பெயர்.

இதயம் தளர்ந்ததும் உடம்பு பயந்து
அட்ரினலினை ஊற்றுகிறது, ராப்பகலாக, மாதக்கணக்கில்.
அந்தக் கூச்சல் தாங்காமல்
செல் புள்ளி வைக்கத் தொடங்குகிறது,
வைக்க வேண்டிய இடம், வேண்டாத இடம் என்றில்லாமல்.
கால்சியத்தை அடைத்துவைக்கும் கதவு கசிகிறது.
கசிந்த துளி ஒன்று
தன்னையே துடிப்பென்று நினைத்துக்கொள்கிறது.

"புள்ளியைச் சுரண்டிவிட முடியாதா?"
கட்டைவிரல் நகத்தால் ரசீதைத் தேய்த்தார்.
மை பரவியது.
அதற்குத்தான் எலிகள் என்றேன்.
எத்தனை என்று கேட்கவில்லை.
அது வருமுன் எலிக்குத் தெரியுமா என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது.

ரொட்டிக் கத்தியால் தன் மாத்திரையைப் பிளந்தார்,
பாதி இரவுக்கு, பாதி காலைக்கு.
விழுங்குகிற மருந்துக்கும்
எழுத்து ஒலிக்கிற நேரத்துக்கும் எங்களிடம் ஒரே சொல்,
புள்ளி வைத்த எழுத்துக்கு அதில் அரைதான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை. பாதி மேசைக்கடியில் உருண்டுவிட்டது,
இருவரும் குனிந்து தேடினோம்.

திரையில் அந்த வெற்றிடத்தை அளக்கிறேன்.
நூற்று அறுபது மில்லிநொடி.
கண் இமைக்கும் நேரத்தில் பாதி.
எலிக்கு அது எவ்வளவு நீளமோ.
வெளியே ஒரு கோயில் மணி முந்துகிறது,
இன்னொன்று பிந்துகிறது;
காலுறை இன்னும் காயவில்லை.