நாற்பத்தைந்து மடங்கு

மதியம் இரண்டரை. மழைக்கு முந்தைய புழுக்கம்.
செம்பனை லோரி பஸ் நிலையத்தைச் சுற்றித் திரும்ப
என் கடைக் கண்ணாடி வழக்கம்போல் பல்லைக் கடித்தது.

தனபாலன் வந்தான்,
பதினேழாம் பிளாக்கில் குலை வெட்டுகிறவன்.
கழுத்தில் துண்டு, கையில் திரை கீறிய கைப்பேசி.
"சத்தமே வரலக்கா. மண்டோர் கத்துறாரு,
எனக்குக் கொசு பாடுற மாதிரி கேக்குது."

கழற்றினேன். ஒரு திருகாணியைக் காணோம்,
முன்னால் பார்த்தவன் தின்றுவிட்டான் போல.
ஒலிபெருக்கியின் வலையை
நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன்.
ஈயம் பற்றவைக்க வாங்கியது;
நாற்பத்தைந்து மடங்கு காட்டும்,
தவணை இன்னும் மூன்று பாக்கி.

தூசி என்று நினைத்தது தூசி இல்லை.
மஞ்சள். எல்லாம் ஒரே அளவு.
கசகசாவை யாரோ
ஓரம் ஓரமாய்க் கிள்ளி வைத்த மாதிரி.
அதன் நடுவே கால் மடக்கி,
நீண்ட மூக்கோடு ஒரு வண்டு.
செத்திருந்தது. முதுகு மயிரெல்லாம் அதே மஞ்சள்.

"ஆண் பூவுல கெடக்கும்க்கா இது.
கிட்ட போனா சோம்பு வாசம் அடிக்கும்.
கீழ நிக்கிறப்போ சட்டைப் பையில கொட்டிருக்கும்."

ஸ்பிரிட்டில் வலை ஊறும் நேரத்தில்
என் கைப்பேசியில் தேடிப் படித்தேன்.

செம்பனைக்குக் காற்றுதான் தூது என்று
வெகுகாலம் நம்பியிருந்தார்கள்.
இங்கே காற்று சோம்பேறி.
ஆகவே மனிதர் கையில் ஊதுகுழல் கொடுத்து,
மாவில் மகரந்தம் கலந்து,
பூப்பூவாக ஊதச் சொன்னார்கள்.
ஆப்பிரிக்காவில் யாரோ குனிந்து பார்த்திருக்கிறார்கள்.
தூது போனது காற்றல்ல,
அரிசியை விடச் சிறிய இந்த மூக்கன்.
வேறு பயிரைக் கடிக்கிறதா என்று
பட்டினி போட்டுச் சோதித்து,
கடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு,
எண்பத்தொன்றில் கேமரூன் வண்டுகளை
நம் தோட்டத்தில் திறந்துவிட்டார்கள்.

அதற்கடுத்த வரியை இரண்டு முறை படித்தேன்.

ஆண் பூ சோறு போடும், தொட்டிலும் தரும்.
பெண் பூவிடம் கொடுக்க ஒன்றுமில்லை.
ஆனாலும் அதே சோம்பு வாசத்தை
விட்டு விட்டு,
மூச்சு வாங்குவதுபோல் வெளியே விடும்.
வண்டு நம்பிப் போகும்,
முட்டையிட இடம் தேடும்,
இல்லையென்று திரும்பும்.
அந்த ஏமாற்றத்தில் காய்க்கிறது
என் கடைக்கு எதிரே
வாழைக்காய் பஜ்ஜி பொரியும் எண்ணெய்.

சத்தமாக வாசித்தேன்.
தனபாலன் சிரிக்கவில்லை.
"எங்கம்மா அந்த வேலதான் பாத்தாங்க.
பவுடர் வேலன்னு சொல்வாங்க.
மூக்கெல்லாம் மஞ்சளாத்தான் வருவாங்களாம்."

"அப்புறம்?"

"வண்டு வந்துச்சு. பேர எடுத்துட்டாங்க.
உரம் போடப் போனாங்க.
போகட்டும், முள்ளு குத்தல்லன்னாங்க.
கொஞ்ச நாள் கழிச்சு, ஏசவும் செஞ்சாங்களாம்,
சம்பளம் கொறஞ்சப்போ."

பிறகு அவனே எழுந்து வந்து
நுண்ணோக்கியில் கண் வைத்தான்.
நெடுநேரம் எடுக்கவில்லை.
"இது வந்தப்புறம்தானே
குலைல காய் நெறைய புடிச்சு எடை ஏறுச்சு?"
படித்ததைப் பார்த்துத் தலையாட்டினேன்.
"அப்போ என் இடுப்பு வலிக்கும் இவன்தான் காரணம்."

வலையைப் பூட்டினேன். எட்டு வெள்ளி.
சோதிக்க அவனே குரல் செய்தி ஒன்றைத் தட்டினான்.
கடை அதிர மண்டோர் பொங்கினார்:
"பதினேழுல நாலு குலை காயா வெட்டிருக்க,
எவன்டா அது?"

"முன்ன மாதிரியே விட்டிருக்கலாம்க்கா"
என்றபடி மழைக்குள் ஓடினான்.

வண்டு அங்கேயே இருக்கிறது,
விளக்கை அணைக்கவில்லை.
அடுத்த போன் காத்திருக்கிறது, சார்ஜ் ஏறாததாம்.
ஒருமுறை குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தேன்.

ஈயம்தான் மணந்தது.