மூன்றாம் நகல்

மஞ்சக்குப்பம் கோர்ட்டில்
டவாலி மூன்று முறை கூப்பிட்டார்:
தெய்வீகன், தெய்வீகன், தெய்வீகன்.
முதல் தடவையே காதில் விழுந்தது.

கூண்டில் ஏறி
உண்மையைத் தவிர வேறில்லை என்றேன்.
அதுவரைக்கும் உண்மைதான்.

எடைச்சீட்டின் ஜெராக்ஸை நீட்டினார் அரசு வக்கீல்.
இரவு இரண்டு நாற்பதுக்கு வெளியே போகையில்
டேங்கர் இருபத்துநாலாயிரத்து முன்னூற்று அறுபது கிலோ.
மூன்று ஐந்துக்குத் திரும்புகையில்
பதினோராயிரத்து எண்ணூற்று நாற்பது.
இருபத்தைந்து நிமிஷத்தில் பன்னிரண்டரை டன்
எங்கே இறங்கும், அந்த இருட்டில்,
உப்பனாற்றைத் தவிர?

"கையெழுத்து உங்களுடையதா?"
என்னுடையது மாதிரி இருக்கிறது.
"அசல் எங்கே?"
தெரியாது ஐயா.

மாதிரி.
அந்த ஒரு சொல்லுக்கு
மகளின் நர்சிங் காலேஜ் இரண்டாம் வருஷ பீஸ்
ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

நடுவர் மேல் குற்றமில்லை.
அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
என்னை ஒரு முறை பார்த்தார்,
பிறகு பேப்பரை.
பேப்பர் சொன்னதைத்தானே எழுத முடியும்?
எனக்குப் பிறழ் சாட்சி என்று பெயர் வைத்து
சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து
விடுதலை.
சரியான தீர்ப்பு. ஒரு கமா கூடப் பிசகவில்லை.
எனக்குத்தான் சந்தேகமே இல்லை,
அதனால் பலனும் இல்லை.

முதுநகர் பஸ்ஸில் கூட்டம்.
அஞ்சலாட்சி கூடையைக் காலுக்கடியில் இழுத்துக்கொண்டு
இடம் விட்டாள்: "உட்காருங்கண்ணே."
ஆற்றுச் சேற்றில் இறால் தடவுகிற கை.
விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து
நகம் வேப்பங்கொட்டை நிறத்தில்.
மூன்றாம் சாட்சி அவள்.
பிறழவில்லை.
கால் வலிக்கவில்லை என்று சொல்லி
கெடிலம் பாலம் தாண்டி, திருப்பாதிரிப்புலியூர் தாண்டி
கம்பியைப் பிடித்தபடியே வந்தேன்.

வீட்டில், ரேஷன் கார்டு உறைக்குள்
ரோஸ் நிறத்தில் மூன்றாம் நகல்.
கார்பன் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும் என்பார்கள்.
மாதம் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன்.
என் கையெழுத்து
இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் போட்டதில்லை.

நேற்று ராத்திரி, லாரி வராத நேரம்,
எடைமேடையில் நானே ஏறி நின்றேன்.
அறுபத்தொரு கிலோ ஆள்.
அது இருபது இருபதாகத்தான் எண்ணும்.
சிவப்பு எழுத்தில் அறுபது காட்டியது.
மிச்சம் ஒரு கிலோவுக்குச் சீட்டு கிடையாது.

கேட்டுக்குள்ளிருந்து டேங்கர் ஆரன் அடித்தது.
இறங்கி வழி விட்டேன்.