ரசீதில் இல்லாதவை

எனக்கு அறுபத்து மூன்று.
கன்று வைத்துக் காத்திருக்கும் வயதில்லை.
அதனால் நாற்பது ஆண்டுகளை
ஒரே தவணையில் வாங்கினேன்:
ஆரிகனில், சில்வர்ட்டன் ஊர்க்கோடியில்,
ஓர்வல் ட்வெயிட் வீட்டு வாசலில்
மண்டியிட்டதுபோல் தாழ்ந்து படர்ந்த
ஜப்பானிய மேப்பிள்.

ஒன்பதாயிரம் டாலர் என்றார்.
எட்டு என்றேன்.
"அதனிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று
உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.
மரம் வெளியில்தான் நின்றது.
இரண்டு நாள் கழித்து
எட்டரைக்குப் படிந்தது.

பிப்ரவரி. ஓர் இலை இல்லை.
தூங்கும்போதே தூக்கிவிட வேண்டும் என்றார் எவுசேபியோ,
காரில் உறங்கிய பிள்ளையைக்
கட்டிலுக்கு மாற்றுவதைப்போல.
அவரும் மகள் மரிசேலாவும்
மழைக்கோட்டோடு இரண்டு நாள் சுற்றித் தோண்டினார்கள்.
வேர் அறுபடும் ஒவ்வொரு முறையும்
ஓர்வல் வீட்டுச் சன்னல் திரை
கொஞ்சம் அசைந்தது.

தாய்மண் உதிராமல் சாக்கில் சுற்றி,
மேளத்துக்கு வார் பிடிப்பதுபோல்
கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டி,
கிளைகளை ஒடுக்கி,
கிரேனில் மாட்டினார்கள்.
இரண்டு டன்.
"நான் மரம்தானே வாங்கினேன்?"
"மண்ணை வாங்கியிருக்கிறீர்கள்" என்றாள் மரிசேலா,
"மரம் அதைப் பிடித்துக்கொண்டு வருகிறது."

வடக்குக் கிளையில் ஒரு மஞ்சள் ரிப்பன்.
அந்த ஊரில் வடக்கு பார்த்தது
இந்த ஊரிலும் வடக்கு பார்க்க வேண்டுமாம்.
ராய்ஸ் கெஞ்சினார்:
அழகான பக்கம் நம் சமையலறைக்குத் திரும்பட்டுமே.
எவுசேபியோ தலையை ஆட்டினார்:
நிழலிலேயே இருந்த பட்டை
திடீர் வெயிலில் வெந்துவிடும்.
ஆக, எங்களுக்கு மரத்தின் முதுகு.
எட்டரை ஆயிரத்தின் முகம் முழுக்க
எதிர்வீட்டு கர்ட்டிஸ் ஆம்ப்லருக்கு.
வேலித் தகராறில்
ஆறு வருடமாய் அவரோடு பேச்சில்லை.

மார்ச்சில் ஓர்வல் போன் செய்தார்.
"குழியைப் பற்றி நாம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை."
உண்மை. மரத்துக்கு ரசீது இருந்தது,
குழிக்கு இல்லை.
மண் லோடு ஒன்று அனுப்பட்டுமா என்றேன்.
"வேண்டாம். தண்ணீர் நின்றுவிட்டது.
இரண்டு வாத்து வந்திருக்கிறது.
அதைச் சொல்லத்தான்."

ஏப்ரல். ஊரெல்லாம் துளிர்.
என் மரம் மட்டும்
கணக்குத் தீராத கடன்காரன்போல் மௌனம்.
நகத்தால் பட்டையைச் சுரண்டினேன்:
உள்ளே பச்சை.
மறுநாளும் சுரண்டினேன்.
"புண்ணாக்கியே கொன்றுவிடாதே" என்றார் ராய்ஸ்.

அப்போதுதான் பார்த்தேன்.
அடிமரத்தைச் சுற்றி
மண்ணைக் குத்திக்கொண்டு பதினொரு முனைகள்.
ஒரு வாரத்தில் டாஃபடில், மஞ்சள்.
நான் வாங்காதவை.
ஓர்வலை அழைத்தேன்.
நீண்ட நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"வட்டமாகவா பூத்திருக்கிறது?"
"இல்லை. அரை வட்டம்."
"ம்.
மீதி அரை இங்கே குழி ஓரத்தில்.
மண்வெட்டி நடுவே போயிருக்கிறது."
யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
தோண்டிக் கொண்டுவரட்டுமா என்றதற்கு
"இன்னொரு தடவையா?" என்றார்.

மே பத்தில் இலை வந்தது,
கைக்குழந்தை விரல்போல் மடங்கி, சிவந்து.
கிழக்குப் பக்கம் ஒரு கிளை வரவேயில்லை.
அதை வெட்டவில்லை இன்னும்.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள்.
வைத்தவர் பன்னிரண்டு மைல் தள்ளி
வாத்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.
வாங்கியவள் நான்.
வாரம் இருமுறை குழாயை மெல்லத் திறந்துவிட்டு
முதுகுப் பக்கமாய் உட்கார்ந்திருக்கிறேன்.
எதிர்வீட்டுச் சன்னலில்
இப்போதெல்லாம்
திரை போடுவதில்லை.