அனுபவ மணிநேரம்

தேர்வுக்கான படிவம் கேட்கிறது:
திட்டங்களை நீங்கள் முன்னின்று நடத்திய
மணிநேரம் எத்தனை?
குறைந்தபட்சம் நாலாயிரத்து ஐந்நூறு.

குளச்சல் பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியறை.
கால்குலேட்டர், கட்டஞ்சாயா, ஏழு வருட டைரிகள்.
ஒன்றில் உப்பு பூத்துத்
தாள்கள் ஒட்டிக்கிடக்கின்றன.

முதல் வருடத்தைச் சேர்க்க முடியாது.
சித்திரங்கோட்டிலிருந்து வரும் கல் லாரிக்கு
டோக்கன் எழுதினேன். எடை, நேரம், ஒப்பு.
ரெஜிலா என்று யாரும் கூப்பிட்டதில்லை,
டிப்ளமோக்காரி.
எட்டு மணிக்கு மேல் கிளம்பும் கல்
தக்கலையில் பள்ளி வண்டிகளுக்கு நடுவே
நாற்பது நிமிடம் நிற்கும் என்று
அங்கேதான் தெரிந்துகொண்டேன்.
மூன்று வருடம் கழித்து அட்டவணையில்
அந்த நாற்பது நிமிடத்தைப் போட்டவள் நான்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பிறகு தூண்டில் வளைவு, இருநூற்றிருபது மீட்டர்.
திட்டமிடும் வேலை எனக்கு வந்தது
விசிட்டிங் கார்டில் அல்ல, சம்பளத்திலும் அல்ல,
மேனேஜர் விஜில்தாஸ் சார்
மதியத்துக்கு மேல் தூங்குவார் என்பதால்.
நீலக் கோடுகள் போட்டுச் சுவரில் ஒட்டினேன்.
ஆனி ஆடிக்கு வேலை வைக்கவில்லை, கடல் விடாது.
ஓணத்துக்கு வைக்கவில்லை,
கிரேன்காரர்கள் பாறசாலை ஆட்கள்.
மாதா திருவிழாவை மறந்துபோனேன்.
பத்து நாள்!
அதே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவள்.

கிரேன் நின்றது, வாடகை ஓடியது.
கொடியேற்ற வெடிச்சத்தத்துக்கு நடுவே
தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்:
தவறு என்னுடையது,
ஆறு நாளை மீட்க வழியிருக்கிறது.
'என்னுடையது' என்பதை இரண்டு தடவை அழித்தேன்.
மூன்றாம் தடவை அப்படியே அனுப்பினேன்.
பத்து நாளைச் சேர்க்கவில்லை.
அந்த ஒரு மணிநேரத்தைச் சேர்த்துக்கொண்டேன்.

டெல்பின் அக்கா லாரியை மறித்த நாள்
டைரியில் 'தாமதம், மூன்று மணி' என்றிருக்கிறது.
பட்டியலில் பொதுப்பணித்துறை இருந்தது,
பங்குத்தந்தை இருந்தார், குவாரி முதலாளி இருந்தார்.
மீன்கூடையோடு நடுவழியில் உட்கார்ந்தவள் இல்லை.
"நீ கல்லு தட்டுற எடத்துல
எனக்க வீட்டுக்காரனுக்க வள்ளம்
எங்கன கரை பிடிக்கும்?"
சுடுமணலில் அவளோடு உட்கார்ந்து
நாலிலிருந்து ஏழுவரை லாரி வராது
என்று முடிவானது.
அதன்பின் ஒருநாள்கூட வேலை நிற்கவில்லை.
'தாமதம்' என்பதை இப்போது அடிக்கிறேன்.
வேறு சொல் வரவில்லை,
மூன்று என்று மட்டும் எழுதுகிறேன்.

கூட்டினால் நாலாயிரத்து நானூற்று எண்பத்தெட்டு.
சான்றளிக்க வேண்டிய விஜில்தாஸ் சார்
தோஹாவிலிருந்து சிரிக்கிறார்:
"ஆறாயிரம்ணு போடு. யாரு எண்ணப் போறா?
நான் ஒப்பு போடுறேன்."
மனதுக்குள் யாரோ ஒரு டோக்கன் கிழிக்கும் சத்தம்.

சாயாவின் ஆவியில் காட்டி
ஒட்டிய தாள்களைப் பிரிக்கிறேன்.
ஒரு பக்கத்தில் என் எழுத்து, நனைந்து:
'ராத்திரி முழுக்க. கிரேனைப் பின்னால் எடுத்தாச்சு.
ஆளுக்கு ஒன்றுமில்லை.
டெட்ராபாட் கணக்கு:
கடல் பதினொன்று, நாம் பூஜ்யம்.'

நேரம் போடவில்லை.
லாரிக்கு லாரி நேரம் எழுதியவள்
அன்றைக்கு நேரம் போடவில்லை.

பிஜுவைக் கூப்பிடுகிறேன். அவன்தான் அன்று கிரேனில்.
எத்தனை மணிக்குத் தொடங்கினோம்?
"ஏழரைக்கு நீங்க டார்ச்சோட ஓடி வந்தீங்க."
முடிந்தது?
"காலைப் பூசைக்கு மணி அடிச்சப்ப."
அஞ்சரை.
"எதுக்கு மேடம், இப்ப கேஸ் ஏதும் வந்திருக்கா?"

பத்து மணிநேரம்.
இன்னும் இரண்டு குறைகிறது.

திங்கட்கிழமை தேங்காப்பட்டணத்தில்
புதிய தடுப்புச்சுவருக்கு அளவெடுப்பு.
காலை ஆறுக்கு. பொறுப்பு நான்.
படிவத்தை அப்படியே சேமித்துவிட்டு
தொடங்கும் நாள் குறிக்க
முதலில் கோயில் காலண்டரை எடுக்கிறேன்.